புது ஹம்பக்கர்: மாட்ட ஒரு மணி நேரம், கேட்டுப் பார்க்க ஒரு வாரம்

கல்யாண மண்டபத்தில் கிட்டார் வாசிப்பவனுக்கு முதல் எதிரி இரைச்சல்தான். மேடைக்குப் பின்னால் சீரியல் செட், வாசலில் ஜெனரேட்டர், தலைக்கு மேல் டிம்மர் போட்ட விளக்குகள். தந்திக்கு அடியில் இருந்து அதன் அசைவைக் கரண்ட் சிக்னலாக மாற்றுவது பிக்கப். அதில் கம்பிச் சுற்று, அதாவது காயில், ஒன்றே ஒன்று இருந்தால் சிங்கிள் காயில். அப்படிப்பட்ட பிக்கப் உள்ள கிட்டாரைச் சொருகியதுமே ஸ்பீக்கரில் 'ம்ம்ம்' என்று ஒன்று ஓட ஆரம்பிக்கும். நம் ஊர் கரண்ட் 50 ஹெர்ட்ஸ். ஸ்வரமாகப் பார்த்தால் அது ஜி-க்குக் கொஞ்சம் மேலே, ஜி ஷார்ப்புக்குக் கீழே, எந்தப் பாட்டுக்கும் உதவாத ஓர் இடம்.

இந்தத் தொல்லைக்குத்தான் கிப்சன் கம்பெனியில் இருந்த செத் லவர் ஹம்பக்கரைச் செய்தார். ஒரு காயிலுக்குப் பதில் இரண்டு. இரண்டாவது காயிலின் சுற்றும் காந்தமும் முதலாவதற்கு நேர் எதிர். வெளியிலிருந்து வரும் இரைச்சல் இரண்டு காயிலிலும் எதிரெதிராக விழுந்து ஒன்றை ஒன்று அடித்துவிடும். தந்தியின் ஒலி மட்டும் ஒன்றோடு ஒன்று கூடும். 1955இல் பேட்டன்டுக்கு விண்ணப்பித்தார், 1959இல்தான் கையில் கிடைத்தது. விண்ணப்பம் நிலுவையில் இருக்கிறது என்று அந்தக் காலத்துப் பிக்கப்புகளின் அடியில் ஒரு ஸ்டிக்கர் ஒட்டினார்கள். பி.ஏ.எஃப். (பேட்டன்ட் அப்ளைட் ஃபார்) என்று இன்றும் பல கம்பெனிகள் சொல்லி விற்பது அந்த ஸ்டிக்கரின் பெயரைத்தான்.

வடபழனிப் பக்கம் மெல்லிசைக் குழுக்களில் வாசித்துக்கொண்டு, கூட வாசிக்கும் பையன்களின் கிட்டாரையும் திறந்து மூடிக்கொண்டிருப்பதால், இதைப் பற்றி அடிக்கடி கேட்கிறார்கள். எந்தப் பிக்கப் வாங்கலாம் என்றுதான் எல்லோரும் ஆரம்பிப்பார்கள். வாங்கியதை எப்படிக் கேட்டுப் பார்ப்பது என்று யாரும் கேட்பதில்லை. மாட்டிய அன்று ராத்திரியே 'சூப்பர்' என்றோ 'வேஸ்ட்' என்றோ தீர்ப்பு வந்துவிடுகிறது. அந்தத் தீர்ப்பில் பாதி புதுத் தந்திக்கும், மீதி பிக்கப் இருக்கும் உயரத்துக்கும் சேர வேண்டியது.

பழையதை முதலில் பதிவு செய்யுங்கள்

புதுப் பிக்கப்பை டப்பாவிலிருந்து எடுக்கும் முன்பே செய்ய வேண்டிய வேலை இது. கிட்டாரில் புதுத் தந்தி போடுங்கள், பழைய பிக்கப் இருக்கும்போதே. ஒரு நாள் வாசித்து, தந்தி இழுத்து அடங்கியதும் பதிவு செய்யுங்கள். பிக்கப்பையும் தந்தியையும் ஒரே நாளில் மாற்றினால், 'பளிச்'சென்று கேட்பது எதனால் என்று யாராலும் சொல்ல முடியாது. அதற்காகத் தள்ளிப் போடவும் வேண்டாம். பெசன்ட் நகர், திருவான்மியூர் மாதிரிக் கடலோரத்தில் இருப்பவர்களுக்குத் தந்தி எவ்வளவு சீக்கிரம் கருக்கும் என்று நான் சொல்லத் தேவையில்லை. அந்த வாரத்துக்குள் வேலையை முடித்துவிடுங்கள்.

பதிவுக்கு போனின் வாய்ஸ் ரெக்கார்டர் வேண்டாம். பல போன்கள் சத்தத்தைத் தாங்களாகவே ஏற்றி இறக்கும், நீங்கள் தேடும் வித்தியாசத்தையே அது அழித்துவிடும். ஆடியோ இன்டர்ஃபேஸ் இருந்தால் நல்லது. இல்லையென்றால், யூஎஸ்பி வழியாகப் பதிவு செய்யும் வசதி உங்கள் மல்டி எஃபெக்ட்ஸ் பெடலில் இருக்கிறதா பாருங்கள். எஃபெக்ட் எதுவும் போடாமல் ஒரு முறை, நீங்கள் மேடையில் வைக்கும் டிஸ்டார்ஷனோடு ஒரு முறை. கெயின் எங்கே இருந்தது, எந்தக் கேபிள் என்று ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். கேபிளைக் கூடவா என்று சிரிப்பார்கள். நீளமான கேபிள் மேல் ஒலியை, அதாவது ட்ரெபிளை, கொஞ்சம் தின்றுவிடும். மூன்று மீட்டர் கேபிளில் பழையதையும் ஆறு மீட்டர் கேபிளில் புதியதையும் கேட்டால், அது கேபிளுக்கு வைத்த பரீட்சையாகத்தான் இருக்கும்.

என்ன வாசிப்பது? கைக்கு வந்த லீட் பிட்டை வாசிக்காதீர்கள். கஷ்டமான பிட் என்றால் காது விரலைத்தான் கவனிக்கும். நான் வாசிப்பது இவ்வளவுதான்: திறந்த ஈ மைனர் கார்டை அடித்து, அது முழுதாக அடங்கும்வரை விடுவது. ஆறாம் தந்தியில் உள்ளங்கையை வைத்து அமுக்கி ஒரு ரிதம். முதல் தந்தியில் 12ஆம் ஃப்ரெட்டுக்கு மேலே தனித்தனி ஸ்வரங்கள். அப்புறம் வால்யூமை ஆறுக்குக் குறைத்து அதே கார்டு. கடைசியாக, செலக்டரை நடுவில் வைத்து இரண்டு பிக்கப்பும் சேர்ந்து.

மாட்டும் முன் ஒரு பார்வை

ஸ்கேலை எடுத்து, தந்திகள் பாடியில் உட்காரும் பிரிட்ஜுக்குப் பக்கத்தில் இருக்கும் பிரிட்ஜ் பிக்கப்புக்கு மேலே முதல் தந்திக்கும் ஆறாம் தந்திக்கும் இடையே எவ்வளவு என்று அளந்து பாருங்கள். ஹம்பக்கர்கள் பொதுவாக இரண்டு அகலத்தில் வரும். ஒவ்வொரு தந்திக்கும் கீழே ஒன்றாக இருக்கும் துருவ ஸ்க்ரூக்களின் இரு முனைக்கும் நடுவே 49 மில்லிமீட்டரை ஒட்டி ஒன்று, 52, 53 வரும் அகலமான இன்னொன்று. கைப்பிடியால் சுருதியை ஆட்டும் ட்ரெமலோ பிரிட்ஜ் உள்ள கிட்டார்களுக்கு அகலமானதுதான் சரியாக உட்காரும். அரை மில்லிமீட்டர் தள்ளி இருந்தால் ஒன்றும் குடி முழுகிவிடாது. ஆனால் கமகம் பிடிப்பவர்கள் கொஞ்சம் கவனிக்க வேண்டும். மின்கிட்டாரில் ஆர். பிரசன்னா கர்நாடக சங்கீதம் வாசிப்பதைக் கேட்டுவிட்டு அந்த வழியில் இறங்கும் பிள்ளைகள் சென்னையில் இருக்கிறார்கள். தந்தியைப் பக்கவாட்டில் இழுக்கும்போது, ஏற்கெனவே ஓரமாக இருக்கும் தந்தி துருவத்தை விட்டு இன்னும் விலகும், ஸ்வரம் ஏற ஏற ஒலி இறங்கும்.

அடுத்து மல்டிமீட்டர். பழைய பாணி ஹம்பக்கர் ஏழரை முதல் எட்டரை கிலோ ஓம் காட்டும், 'ஹாட்' என்று விற்கும் வகைகள் 13, 16 என்று போகும். இந்த எண்ணை மட்டும் வைத்து இது சத்தமானது, அது சாதுவானது என்று முடிவு கட்டக் கூடாது. மெல்லிய கம்பியில் சுற்றினாலே ஓம் ஏறிவிடும். காந்தம் அல்நிகோ 2-ஆ, 5-ஆ, செராமிக்கா என்பதும் குணத்தை மாற்றும்.

எங்கள் குழுவில் ரிதம் வாசிக்கும் தம்பி மே மாதத்தில் ஒரு நாள் பதறிப்போய் வந்தான்.

"அண்ணே, டப்பால எட்டு கேன்னு போட்டிருக்கு. மீட்டர்ல எட்டே கால், எட்டரைன்னு காட்டுது. டூப்ளிகேட் குடுத்துட்டாங்களா?"

"டூப்ளிகேட் இல்ல தம்பி, அக்னி நட்சத்திரம். ஏசி ரூம்ல ஒரு மணி நேரம் வச்சிட்டு அளந்து பாரு."

செம்புக் கம்பியின் தடை, வெப்பம் ஒரு டிகிரி ஏறினால் ஏறக்குறைய 0.4 சதவீதம் ஏறும். 23 டிகிரியில் 8.0 காட்டிய காயில், மொட்டை மாடிக்குக் கீழே 38 டிகிரி கொதிக்கும் அறையில் 8.5-ஐத் தொடும். மீட்டர் ஒன்றுமே காட்டாமல் கிடந்தாலோ, எதிர்பார்த்ததில் பாதி மட்டும் காட்டினாலோதான் கடைக்குத் திரும்ப வேண்டும். அதற்கும் முன்னால், நடு ஒயர்கள் இரண்டையும் சேர்த்து முறுக்கிவிட்டுத்தான் அளந்தீர்களா என்று ஒரு முறை பார்த்துக்கொள்ளுங்கள்.

அந்த ஒயர்களைப் பற்றி. நான்கு ஒயர் உள்ள பிக்கப்பில் நிறத்தை நம்பிப் பற்ற வைக்காதீர்கள், கம்பெனிக்குக் கம்பெனி அர்த்தம் மாறும். செய்மோர் டங்கனில் கறுப்புதான் சிக்னல். சிவப்பையும் வெள்ளையையும் சேர்த்து முறுக்கி இன்சுலேஷன் சுற்றிவிட வேண்டும், பச்சையும் மேலுறை இல்லாத கம்பியும் எர்த்துக்குப் போகும். டிமார்சியோவில் சிவப்பு சிக்னல், கறுப்பும் வெள்ளையும் சேரும், பச்சையும் வெறுங்கம்பியும் எர்த். அதே கறுப்பு ஒயர் ஒரு கம்பெனியில் சிக்னல், இன்னொன்றில் நடு இணைப்பு. கூடவே வரும் தாளை எறிந்துவிடாமல் கிட்டார் பையிலேயே போட்டு வையுங்கள்.

ஈயம் வைக்கும் நேரம்

சால்டரிங் அயர்ன், ஈயம், ஃப்ளக்ஸ், வெப்பத்தில் சுருங்கும் ஸ்லீவ் எல்லாம் ரிச்சி ஸ்ட்ரீட்டில் ஒரே நடையில் கிடைக்கும். போவதுதான் போகிறீர்கள், பிளாஸ்டிக் கனெக்டர் ஸ்ட்ரிப் ஒன்றும் வாங்கி வாருங்கள். எலக்ட்ரீஷியன்கள் ஃபேன் ஒயரைச் சேர்க்கப் பயன்படுத்தும் அதே ஸ்க்ரூ கனெக்டர்தான், சின்ன சைஸ். வால்யூம் பாட்டிலிருந்தும் (வால்யூம் குமிழுக்கு அடியில் இருக்கும் பொட்டென்ஷியோமீட்டர், சுருக்கமாக 'பாட்') எர்த்திலிருந்தும் இரண்டு துண்டு ஒயரை ஒரே ஒரு முறை ஈயம் வைத்து இந்தக் கனெக்டருக்குக் கொண்டுவந்துவிட்டால், அப்புறம் எத்தனை பிக்கப் மாற்றினாலும் ஸ்க்ரூ டிரைவர் போதும். ஒப்பிட்டுப் பார்க்க நினைப்பவர்களுக்கு இதைவிடச் சுலபமான வழி எனக்குத் தெரியவில்லை. கடைசியில் எது தங்குகிறதோ அதை நேரடியாகப் பற்ற வைத்துக்கொள்ளலாம்.

தந்தியைக் கழற்றி எறிய வேண்டாம். தளர்த்திவிட்டு, முதல் ஃப்ரெட்டில் தந்திகளை அமுக்கிப் பிடிக்கும் கேப்போ கிளிப்பைப் போட்டால், ட்யூனரில் சுற்றிய சுற்று கலையாது. லெஸ் பால் மாதிரி கிட்டார் என்றால் டெயில்பீஸோடு சேர்த்துத் தந்திகளைத் தூக்கி ஓரமாக வைத்துவிடலாம். பாடி மேல் பழைய வேட்டி ஒன்றை விரித்துக்கொள்ளுங்கள். உருகிய ஈயத்தின் ஒரு சொட்டு, பாலிஷில் விழுந்தால் விழுந்ததுதான்.

பழைய பிக்கப்பை எடுக்கும் முன், உள்ளே எந்த ஒயர் எங்கே போகிறது என்று போட்டோ எடுங்கள். எர்த் ஒயர்கள் எல்லாம் பாட்டின் முதுகில் ஒரே ஈயக் கட்டியாக இருக்கும். அவற்றில் ஒன்று பிரிட்ஜுக்குப் போகும் ஒயர். அது தெரியாமல் விட்டுப்போனால், தந்தியைத் தொடாதபோதும் தொட்டபோதும் ஒரே இரைச்சல் இருக்கும், புதுப் பிக்கப்தான் திட்டு வாங்கும்.

கையோடு பாட்டின் அளவையும் பாருங்கள். ஹம்பக்கருக்கு 500 கிலோ ஓம் வழக்கம், சிங்கிள் காயிலுக்கு 250. சிங்கிள் காயில் கிட்டாரில் ஹம்பக்கரை இறக்கிவிட்டு 250-ஐ அப்படியே விட்டால், கம்பளி போர்த்திய மாதிரி மந்தமாகத்தான் கேட்கும்.

இனி ஃபேனை நிறுத்துங்கள். சென்னையில் இதைச் சொன்னால் அடிக்க வருவார்கள், ஆனாலும் நிறுத்தத்தான் வேண்டும். சீலிங் ஃபேன் காற்று அயர்னின் முனையையும் பாட்டின் முதுகையும் ஆற்றிக்கொண்டே இருக்கும். ஈயம் உருகும், ஒட்டாது. மேலே உருண்டையாக உட்கார்ந்து, நகத்தால் நெம்பினால் பெயர்ந்துவிடும். ஜன்னலைத் திறந்து வையுங்கள், புகை முகத்துக்கு வராத மாதிரி உட்காருங்கள், நெற்றியில் ஒரு துண்டைக் கட்டிக்கொள்ளுங்கள். ஒயருக்கு 25 வாட் அயர்ன் போதும். பாட்டின் முதுகுக்கு அது திணறும், 60 வாட் இருந்தால் சட்டென்று வேலை முடியும். முதுகை உப்புத்தாளால் நாலு தேய்ப்பு தேய்த்து, பளபளப்பு தெரிந்ததும் ஃப்ளக்ஸ் தொட்டு, முனையை அழுத்தி வைத்து, முனையில் அல்லாமல் உலோகத்தில் ஈயத்தைத் தொட வையுங்கள். தண்ணீர் மாதிரிப் பரவினால் சரி. பரவிய ஈயத்தில் ஒயரை அமுக்கி, அயர்னை எடுத்துவிட்டு, ஈயம் இறுகும்வரை கையை ஆட்டக் கூடாது. நாலைந்து விநாடியில் ஆகவில்லை என்றால் எடுத்துவிட்டு ஆறவிடுங்கள். வறுத்துக்கொண்டே இருந்தால் பாட்டுக்குள் இருக்கும் கார்பன் தடம் கெடும், வால்யூம் திருகும்போதெல்லாம் கரகரக்கும்.

மூடியை மூடும் முன்னால் கேபிளைச் சொருகி, ஆம்ப் சத்தத்தைக் குறைத்து வைத்து, ஸ்க்ரூ டிரைவர் முனையால் துருவ ஸ்க்ரூக்களை மெல்லத் தட்டுங்கள். 'டொக்' என்று பலமாக வர வேண்டும். இரண்டு காயில் வரிசையிலும் தட்டுங்கள். ஒரு வரிசையில் பலமாகவும் மற்றதில் மங்கலாகவும் வந்தால், நடு இணைப்பில் ஏதோ கோளாறு, ஒரு காயில் மட்டும் வேலை செய்கிறது.

உயரம்

மொத்த வேலையில் பெரும்பங்கு இதுதான். இதை விட்டுவிட்டுப் பிக்கப்பை விற்பவர்கள்தான் அதிகம். இரு பக்கமும் உள்ள இரண்டு ஸ்க்ரூக்களும் ஒரு ஸ்டீல் ஸ்கேலும் போதும். கடைசி ஃப்ரெட்டில் தந்தியை அமுக்கிக்கொண்டு, தந்தியின் அடிக்கும் துருவத்தின் தலைக்கும் உள்ள இடைவெளியை அளக்க வேண்டும். பிரிட்ஜ் பிக்கப்புக்கு முதல் தந்திப் பக்கம் ஒன்றரை முதல் இரண்டு மில்லிமீட்டர், ஆறாம் தந்திப் பக்கம் இரண்டு முதல் இரண்டரை. நெக் பிக்கப்புக்கு இன்னும் சற்றுக் கீழே. அங்கே தந்தி அதிகமாக ஆடும், அதனால் சத்தமும் தானாகவே அதிகம். இது தொடங்கும் இடம்தான், முடிவு காதில்.

தந்திக்கு அருகே கொண்டுவந்தால் சத்தம் கூடும், ஸ்வரம் தொடங்கும் அடி கூர்மையாகும். அந்த மயக்கத்தில் எல்லோரும் ஏற்றிக்கொண்டே போவார்கள். ஒரு கட்டத்துக்கு மேல் காந்தம் தந்தியைப் பிடித்து இழுக்கும். ஸ்வரம் நீளாமல் சீக்கிரம் செத்துவிடும். தடித்த தந்தியில் மேல் ஃப்ரெட்டுகளில் சுருதி அலையும், ஒரே ஸ்வரத்துக்குள் இரண்டு குரல் அடித்துக்கொள்ளும். சிங்கிள் காயில் அளவுக்கு ஹம்பக்கரில் இது மோசமில்லை, ஆனால் நெக் பிக்கப்பில் வரும். கமகம் வாசிப்பவர்களுக்கு இது விஷம். அசைவு விரலிலிருந்து வந்ததா காந்தத்திலிருந்து வந்ததா என்று அவர்களுக்கே தெரியாமல் போகும்.

நான் தலைகீழாகச் செய்வேன். பிக்கப்பை அதைச் சுற்றியுள்ள ரிங்கோடு ஒட்டும் அளவுக்கு முழுக்க இறக்கிவிட்டு, அந்த ஈ மைனரை அடித்துக்கொண்டே கால் திருகு கால் திருகாக ஏற்றுவேன். கீழே இருக்கும்போது ஒலி தெளிவாக, சற்று தூரத்தில் இருக்கும். ஏற ஏற நெருங்கி வரும். ஓரிடத்தில் கார்டின் ஆறு தந்தியும் தனித்தனியாகவும் கேட்கும், கெட்டியாகவும் இருக்கும். அங்கிருந்து இன்னும் கால் திருகு ஏற்றினால் கீழ்த் தந்திகள் மேல்த் தந்திகளை மூடும். அப்போது ஆறாம் தந்திப் பக்கத்தை மட்டும் கொஞ்சம் இறக்கினால் போதும். சத்தம் போதவில்லை என்றால் ஆம்பில் ஏற்றுங்கள், ஆம்ப் அதற்குத்தானே இருக்கிறது. துருவ ஸ்க்ரூக்களை ஏதாவது ஒரு தந்தி மட்டும் தனியாகத் துருத்திக்கொண்டோ அமுங்கியோ இருந்தால் மட்டும் தொடுங்கள்.

அடுத்து செலக்டரை நெக்குக்கும் பிரிட்ஜுக்கும் மாற்றிப் பாருங்கள். பாடலின் நடுவில் மாற்றினால் ஒன்று கத்தி ஒன்று முனகக் கூடாது. நடுவில் வைத்தால் ஒலி மெலிந்து, மூக்கால் பேசுவது போல் இருந்தால், புதியதும் பழையதும் எதிர் ஃபேஸில் இருக்கின்றன, அதாவது ஒன்றின் அலை ஏறும்போது மற்றதன் அலை இறங்குகிறது. நான்கு ஒயர் பிக்கப்பில் சிக்னலையும் எர்த்துக்குப் போகும் நிற ஒயரையும் இடம் மாற்றினால் சரியாகிவிடும். வெறுங்கம்பி மட்டும் எர்த்திலேயே இருக்க வேண்டும்.

இனிதான் கேட்பது

முன்பு வாசித்த அதே ஐந்தையும், அதே கேபிள், அதே செட்டிங்கில் பதிவு செய்யுங்கள். இரண்டு பதிவையும் கணினியில் போட்டதும் முதலில் சத்தத்தைச் சமப்படுத்துங்கள். இதைச் செய்யாமல் கேட்டால் எப்போதும் சத்தமான பதிவுதான் ஜெயிக்கும், காதின் சுபாவம் அப்படி. சமப்படுத்திய பிறகும் வித்தியாசம் தெரிந்தால்தான் அது பிக்கப்பின் வித்தியாசம். எது பழையது, எது புதியது என்று சொல்லாமல் வீட்டில் யாரையாவது மாற்றி மாற்றிப் போடச் சொல்லுங்கள். என் வீட்டில் அந்த வேலையைச் செய்கிற அக்கா மகளுக்குக் கிட்டார் என்றாலே ஆகாது. நடுநிலைமைக்கு அதுவே நல்லது.

தனியாகக் கேட்டுப் பிடித்த ஒலி, குழுவோடு சேர்ந்தால் காணாமல் போவதும் உண்டு. அறையில் கெட்டியாக, அகலமாக இருப்பது பேஸ் கிட்டாருக்கும் கீபோர்டுக்கும் நடுவில் நசுங்கிவிடும். அறையில் கொஞ்சம் கிறீச்சென்று இருந்தது மேடையில் சரியாக வெட்டிக்கொண்டு வரும். ஒரு ரிகர்சலாவது பார்க்காமல் முடிவு எடுக்காதீர்கள். எண்பதுகளின் பாட்டுகளில் சுத்தமான ரிதம் ஸ்ட்ரோக் நிறைய வரும். என் கணக்கில் புதுப் பிக்கப்புக்கு அதுதான் உண்மையான பரீட்சை. டிஸ்டார்ஷன் போட்டால் எல்லாம் ஓரளவு ஒன்று போலத்தான் கேட்கும்.

மண்டபத்தில் இன்னொரு கண்ணி இருக்கிறது. சவுண்ட் சர்வீஸ்காரர் அவசரத்தில் கிட்டார் கேபிளை நேராக மிக்சரின் லைன் இன்புட்டில் சொருகுவார். பிக்கப்புக்கு ஏறக்குறைய 1 மெகா ஓம் எதிர்ப்புள்ள இன்புட் வேண்டும். லைன் இன்புட்டில் அதெல்லாம் இருக்காது, மேல் ஒலி முழுக்க அமுங்கும். நடுவில் ஒரு பெடலோ டிஐ பாக்ஸோ (கிட்டார் சிக்னலை மிக்சருக்கு ஏற்றபடி மாற்றும் சின்னப் பெட்டி) இருந்தால்தான் உங்கள் பிக்கப்பை நீங்கள் கேட்பீர்கள். ஹம்பக்கர் போட்ட பிறகும் 'ர்ர்ர்' என்று கரகரத்தால், மண்டபத்து எர்த்தையோ டிம்மரையோ பாருங்கள். எர்த் கோளாறுக்கு செத் லவரிடம் மருந்து கிடையாது. தந்தியைத் தொட்டால் 'சுருக்'கென்று அடிக்கிறது என்றால் வாசிப்பதை நிறுத்திவிட்டு எலக்ட்ரீஷியனைக் கூப்பிடச் சொல்லுங்கள். அதில் தயவு தாட்சண்யம் வேண்டாம்.

ஒரு வாரம் வாசித்தும், உயரம் மாற்றிப் பார்த்தும் ஒத்துவரவில்லை என்றால் விற்றுவிடலாம், குற்ற உணர்வே வேண்டாம். ஒயரைக் குட்டையாக வெட்டாமல் இருந்தால் நல்ல விலை கிடைக்கும். பழைய பிக்கப்பை மட்டும் விற்காதீர்கள். அதன் ஸ்க்ரூ, ஸ்ப்ரிங் எல்லாவற்றையும் சேர்த்து ஜிப் கவரில் போட்டு, செருப்பு டப்பாவில் வரும் சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒன்றையும் உள்ளே தள்ளி, எந்தக் கிட்டாரின் எந்த இடத்துப் பிக்கப் என்று மேலே எழுதி வையுங்கள். கிட்டாரையே விற்கும் நாளில் வாங்குகிறவர் முதலில் கேட்பது, கம்பெனிப் பிக்கப் எங்கே என்றுதான்.